மேற்கே கேட்ட அலறல்

அத்தியாயம் ஏழு

“அக்கா, பொய் சொல்லுத சாட்சியைக் கேள்வி கேட்டு உடைச்சிரலாம். பொய்யே சொல்லத் தெரியாத சாட்சியை என்ன செய்யதுக்கு?”

ஸ்கூட்டரை அஞ்சுகிராமம் சாலையில் திருப்பியபடி ஷிபின் கேட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த ரெஜிலா வாயைத் திறக்கவில்லை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பேசாமல் வந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம், இல்லாவிட்டால் ஷிபின் வண்டி ஓட்டும் அழகில் பயந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டில் எது என்று அவனுக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை.

ரெஜிலா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யான விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்துவிட்டு, கோட்டாற்றில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஷிபின் மார்த்தாண்டத்துக்காரன். துபாயில் ஏ.சி. ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இவளிடம் உதவியாளாக ஒட்டிக்கொண்டவன். “அங்கயும் சூட்டைக் குறைக்கிற சோலி, இஞ்சயும் அக்காவுக்க சூட்டைக் குறைக்கிற சோலி” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வான்.

ஆனால் இன்று காலையில் அவனுக்கே சிரிப்பு வரவில்லை. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அஞ்சலி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். அவள் புருஷன் ஷாஜன் கொலைக் குற்றத்துக்காக உள்ளே இருக்கிறான். செத்தது முருகதாஸ். பக்கத்து வீட்டு செல்லத்தாயின் கொழுந்தன். ஞாயிற்றுக்கிழமை பொழுது அடைகிற நேரம், கரண்டும் போயிருந்தது. அவன் அலறிய சத்தத்தை செல்லத்தாய் கேட்டிருக்கிறாள். சத்தம் மேற்கே இருந்து வந்தது என்றாள். மேற்கே இருக்கிற ஒரே வீடு ஷாஜனுடையது. மறுநாள் காலையில் பின்பக்கக் கால்வாயில், ஷாஜன் வீட்டு வேலி ஓரத்தில்தான் பிணமும் ஒதுங்கிக் கிடந்தது. போன மாதம் வேலித் தகராறில் ஷாஜனும் முருகதாசும் ஊர் கூடுகிற அளவுக்குச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள். இன்ஸ்பெக்டர் ஜெயசிங்குக்கு வேறென்ன வேண்டும்?

“சத்தம் கிழக்கேருந்துதான் வந்துது” என்று ஷாஜன் தலையால் அடித்துக்கொண்டான். மாட்டிக்கொண்டவன் பேச்சை யார் கேட்பார்கள்?

நாளைக்கு செல்லத்தாய் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்கப் போகிறாள். அய்யா வழிக்காரி. எதிரிக்காகக்கூட ஒரு வார்த்தையைக் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள் என்று ஊரே சொல்கிறது. அவள் நாளைக்கும் ‘மேற்கே’ என்று சொல்லிவிட்டால், அஞ்சலியின் பிள்ளை அப்பன் முகத்தை ஜெயில் கம்பிக்கு நடுவில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

“ஷிபினே, அந்தக் கால்வாயில தண்ணி எந்தப் பக்கமா ஓடுது?” என்று திடீரென்று கேட்டாள் ரெஜிலா.

“கெழக்கேருந்து மேக்க.”

“அப்பம் கிழக்க விழுந்தவனும் மேக்க வந்து ஒதுங்கலாம்.”

“ஒதுங்கலாம் அக்கா. ஆனா பிணம் வந்து சாட்சி சொல்லாதே. செல்லத்தாய் மாமில்லா சொல்லப் போறா.”

செல்லத்தாயின் வீடு வடக்குப் பார்த்தது. முற்றத்தில் பாய் விரித்து, தாழ்ந்த முக்காலி ஒன்றில் உட்கார்ந்து அவள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் வெள்ளை நாமம், கழுத்தில் வெறும் கறுப்புக் கயிறு. புருஷன் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இடது கைப்பக்கம், அதாவது மேற்கே, பூட்டிக் கிடந்த ஷாஜனின் வீடு. வலது கைப்பக்கம் வாழைத்தோட்டம். தோட்டத்துக்கு நடுவில் செல்லத்தாய் குடும்பத்தின் மோட்டார் ரூம்.

“அஞ்சலி அனுப்பின ஆளுகளா?” என்றாள் செல்லத்தாய். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “அந்தப் பிள்ளைய நினைச்சா எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. என்ன செய்யட்டும்? கேட்டதைக் கேட்டேன்னுதானே சொல்ல முடியும்? இஞ்ச வந்து இரி மோளே, இந்தப் பக்கம்.”

ரெஜிலாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடப்பக்கம் உட்கார வைத்தாள். ஷிபின் வலப்பக்கம் கிடந்த தென்னந்தடியில் உட்கார்ந்தான்.

“மாமி, இவ்வளவு புளி இருக்கே. ஊருக்கே ரசம் வச்சுக் குடுக்கப் போறியளா?” என்றான்.

செல்லத்தாய் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கொட்டை ஒன்று ‘டக்’கென்று பாத்திரத்தில் விழுந்தது.

“மார்த்தாண்டத்துல எனக்க தமாசுக்கு இப்பிடி ஒரு அவமானம் நடந்ததில்ல” என்று முணுமுணுத்தான்.

ரெஜிலா அவனை உற்றுப் பார்த்தாள். “இன்னொரு தடவ சொல்லு.”

“எதுக்கு அக்கா? ஒரு தடவ பட்டது போதாதா?”

“சொல்லுலே.”

சொன்னான். அதே குரலில்தான் சொன்னான். செல்லத்தாய் புளியை உதிர்த்துக்கொண்டே ரெஜிலாவிடம், “முருகதாசுக்க சத்தத்தை நான் மறப்பேனா? பதினாலு வயசுலேருந்து எனக்க கையால சாப்பிட்டவன்லா” என்று தன் பாட்டில் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் அவள் மடியில் இருந்த போன் அடித்தது. புளிப் பிசுக்கோடு வலது கையால் எடுத்தவள், கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது காதில் வைத்துப் பேசினாள். பேசி முடித்ததும், கிழக்கே பாதையில் பால்காரர் பைக் ஹாரனை அடித்தார். செல்லத்தாய் சட்டென்று மேற்கே திரும்பி, ஷாஜன் வீட்டு வேலியைப் பார்த்துக் கையாட்டி, “அண்ணாச்சி, இண்ணைக்கு அரை லிட்டர் போரும்” என்று கத்தினாள்.

ஷிபினுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ரெஜிலாவின் முகத்தைப் பார்த்து அதை அப்படியே விழுங்கிக்கொண்டான். அவள் முகம் வெளுத்திருந்தது.

“காதுக்கு என்ன மாமி?” என்றாள் மெதுவாக.

“அதுவா? ஒண்ணும் இல்ல மோளே. வலது காது அடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை அய்யாவைக் கும்பிடப் பதிக்குப் போய், அங்க உள்ள முத்திரிக் கிணத்துல குளிச்சேன். அப்பம் தண்ணி ஏறிட்டு. அய்யாவுக்க தண்ணில்லா? கெடுதல் செய்யாது. ஏறினது மாதிரி தானா எறங்கும்.”

“குளிக்கதுக்கு முந்தி நல்லா இருந்ததா?”

செல்லத்தாய் யோசித்தாள். “காலையில எந்திரிக்கும்பமே ஒரு இரைச்சல் இருந்துது. காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி. தலையும் சுத்திச்சு. அதுக்குத்தான் பதியில ரெண்டு வாளி கூடவே ஊத்தினேன்.”

“அப்பம் தண்ணி காரணம் இல்ல, மாமி” என்றாள் ரெஜிலா. “எனக்க தம்பிக்கும் இப்பிடித்தான் வந்துது. ராத்திரி நல்லாப் படுத்தான், விடியக்காலம் ஒரு காது செத்துப் போச்சு. வலியும் இல்ல, ரத்தமும் இல்ல. அடைப்புன்னு நினைச்சு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தான். டாக்டர்ட்ட போகும்பம் நாள் கடந்து போச்சு. உடனே வந்திருந்தா மருந்து குடுத்துக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்னாரு. போன காது போனதுதான்.”

செல்லத்தாயின் விரல்கள் புளியில் நின்றன. ரெஜிலா எழுந்தாள்.

“மாமி, எனக்காக ஒரு காரியம் செய்யணும். அந்த ஞாயித்துக்கிழமை எப்பிடி உக்காந்திருந்தியளோ அப்பிடியே உக்காந்து கண்ணை மூடிக்கிடுங்க. சத்தம் கேட்டா, கேட்ட பக்கம் கையை நீட்டுங்க. கண்ணைத் திறக்கப்பிடாது.” பிறகு ஷிபினிடம் கண்ணால் கிழக்கைக் காட்டினாள்.

ஷிபின் தோட்டத்துக்குள் நடந்தான். இந்த வெயிலுக்குத் தண்ணீர் காணாமல் வாழை இலைகள் தொங்கிப்போய்க் கிடந்தன. முற்றத்துப் பக்கம் இருந்த நாலைந்து வாழையின் அடியில் மட்டும் யாரோ குடத்தால் ஊற்றிய ஈரம். மோட்டார் ரூம் கதவில் புத்தம் புதிய பூட்டு. தோட்டத்தைக் காயப் போட்டுவிட்டு மோட்டாரைப் பூட்டி வைக்கிற விவசாயியை ஷிபின் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, அடித்தொண்டையிலிருந்து ஓர் அலறல் விட்டான். தென்னையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. தமாசுக்குத்தான் கத்தினான். ஆனால் கத்தி முடித்ததும் அந்தப் பூட்டு கண்ணில் பட்டது. இதே இடத்தில் இன்னொருவன் தமாசுக்கு இல்லாமல் கத்தியிருக்கிறான்.

திரும்பி வந்தபோது செல்லத்தாய் கண்ணை மூடியபடியே இருந்தாள். புளி ஒட்டிய இடது கை நீண்டிருந்தது. ஆடாமல், சந்தேகமே இல்லாமல், ஷாஜனின் வீட்டைச் சுட்டிக்கொண்டிருந்தது.

“கையை எடுக்காம கண்ணைத் திறங்க, மாமி” என்றாள் ரெஜிலா.

செல்லத்தாய் கண்ணைத் திறந்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கத் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஷிபினைப் பார்த்தாள். நீட்டிய கையை மெல்ல மடிக்கு இறக்கினாள்.

“இவன் கெழக்கேருந்தா கத்தினான்?”

“ஆமா. ரெண்டு காதும் இருந்தாத்தான் திசை தெரியும். உங்களுக்கு இடது காது மட்டும்தான் இருக்கு. இப்பிடி வடக்க பாத்து உக்காந்திருந்தா, எங்க கத்தினாலும் உங்களுக்கு மேக்கதான் கேக்கும்.”

“நான் பொய் சொல்லல்ல மோளே.”

“தெரியும் மாமி. பொய் சொல்லாத வாயின்னுதானே எல்லாரும் நம்பினாவ.”

ஷிபினுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஷாஜன் தப்பித்துவிட்டான்! “அக்கா, இப்பவே அஞ்சலிக்கு போன்…” என்று ஆரம்பித்தவனைக் கையமர்த்தினாள் ரெஜிலா. செல்லத்தாய் மெல்லத் தலையைத் திருப்பி, வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெழக்க எங்களுக்க மோட்டார் ரூம்தானே இருக்கு?” என்றாள் தனக்குத்தானே. “அங்க ஆரு போவா?”

“பூட்டு புதுசா இருக்கே மாமி” என்றான் ஷிபின், குரலைத் தாழ்த்தி, இந்த முறை இடப்பக்கம் வந்து.

“சித்தப்பா செத்த பிறகு அங்க போக பயமா இருக்குன்னு அபிலாஷ்தான் பூட்டினான். சாவி அவன்ட்டதான்.”

அபிலாஷ் அவளுடைய ஒரே மகன். நாகர்கோவிலில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செல்லத்தாயின் முகம் எப்போதும் மலருமாம். இப்போது மலரவில்லை. பழக்கத்தில் நாக்கு மட்டும் பேசியது. “தங்கமான பிள்ளை. எனக்கு ஒரு தும்மல் வந்தாப் போரும், மாத்திரையும் கையுமா நிப்பான். போன மாசம் கால்ல முள்ளு குத்தினதுக்கு ஊசி போட்டுட்டுத்தான் விட்டான்.”

ரெஜிலா எதுவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கிழக்குப் பாதையில் பைக் வந்து நின்றது.

முப்பது வயதுக்குள் இருக்கிற பையன். நல்ல சட்டை, களைத்த கண்கள். வேற்று ஆட்களைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினான். பிறகு முற்றத்துக்குள் வந்தான். வந்த வழியில் அம்மாவின் வலப்பக்கம், தென்னந்தடியை ஒட்டி, இடம் காலியாகக் கிடந்தது. அவன் அங்கே நிற்கவில்லை. அம்மாவின் முதுகுப்பக்கமாகச் சுற்றி, புளி உலர்ந்துகொண்டிருந்த பாயைத் தாண்டிக் கால் வைத்து, இடப்பக்கம் வந்து குனிந்தான்.

“ஆரும்மா இவங்க?”

ஷிபின் அதைப் பார்த்தான். பார்த்ததை ரெஜிலாவும் பார்த்துவிட்டாள் என்பதையும் பார்த்தான்.

“அம்மாவுக்கு காது சரியில்ல போல தம்பி” என்றாள் ரெஜிலா, சாதாரணமாக.

“ஆமா. கிணத்துத் தண்ணி ஏறிருக்கு. சொட்டு மருந்து கொண்டு வந்திருக்கேன்.” பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தான்.

“எந்தக் காதுல?”

அவன் கை நின்றது. “அடைப்புன்னு மட்டும்தான் சொன்னாவ. எந்தக் காதுன்னு நான் கவனிக்கல்ல. ரெண்டுலயும் விட்டாப் போச்சு.”

“கவனிக்காமலா தம்பி, பக்கத்துல இடம் கெடக்க, பாயைத் தாண்டிச் சுத்தி வந்து இடது காதுல பேசின?”

காக்கை ஒன்று திரும்பி வந்து தென்னையில் உட்கார்ந்தது.

“சட்டுன்னு ஒரு காது போனா அன்னைக்கே டாக்டர்ட்ட ஓடணும்னு எனக்குப் பட்டுத்தான் தெரிஞ்சது” என்றாள் ரெஜிலா. “உனக்கு அது சோலியிலயே தெரியும். தும்மலுக்கு மாத்திரை தாற மவன், காது போனதுக்கு மட்டும் ஏன் இத்தனை நாளா சும்மா இருந்தான்? டாக்டர் பாத்தா, காது செத்ததுன்னு எழுதிக் குடுத்திருவாரு. அந்தக் காதை வச்சுத் திசை சொல்ல முடியாதுன்னும் எல்லாருக்கும் தெரிஞ்சு போவும். நாளைக்கு வாக்குமூலம் முடியுத வரைக்கும் அம்மாவுக்க காது செத்தே கெடக்கணும். அதானே?”

“என்ன உளறுதீங்க? அம்மா, இவங்களைப் போகச் சொல்லுங்க.”

செல்லத்தாய் மகனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. அதனால்தான் ஷிபினுக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

“திங்கக்கிழமையே டாக்டர்ட்ட போலாம்னு நான்தானே சொன்னேன் மக்கா? நீதானே வேண்டாம்ன. அய்யாவுக்க தண்ணிய சந்தேகப்படப்பிடாது, தானா எறங்கும்னு சொன்ன.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீ பதிக்கு வந்து எத்தனை வருசம் ஆச்சு? நாமம் இட்டாலே அழிச்சிட்டுப் போறவன்லா நீ? எனக்க பிள்ளைக்கு அய்யா மேல பக்தி வந்துட்டுன்னு நான் சந்தோசப்பட்டேன்.”

“அம்மா…”

“மோட்டார் ரூம் சாவியத் தா.”

அவன் தரவில்லை. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

“வாழையெல்லாம் காஞ்சு கெடக்கு. குடத்துல கோரி ஊத்துதேன். சாவியத் தா மக்கா.”

அபிலாஷ் அவள் முன்னால் மண்டியிட்டான். வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. “நான் வேணும்னு செய்யல்லம்மா. கடையிலேருந்து கொஞ்சம் மாத்திரை கொண்டு வந்து அங்க வச்சிருந்தேன். போதைக்கு வாங்கிட்டுப் போவானுவ… சித்தப்பா பாத்திட்டாரு. போலீசுக்குப் போறேன்னு பெட்டியத் தூக்கினாரு. நான் பிடிச்சுத் தள்ளினேன். மோட்டாருல தலை… ஒரே ஒரு சத்தம்தான்மா. பிறகு மூச்சே இல்ல. இருட்டுல இழுத்துக் கால்வாயில தள்ளினேன். நீங்க மேக்க ஓடினதைப் பாத்தேன். சாமிதான் என்னைக் காப்பாத்துதுன்னு நினைச்சேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும்மா. நீங்க சொன்னதையே சொன்னாப் போரும். நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். உங்களுக்கு மேக்கதானே கேட்டுது? அது நிசம்தானே?”

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். செல்லத்தாய் அவன் உதடுகள் அசைவதைப் பார்த்தபடி, புளி ஒட்டிய உள்ளங்கையைத் தூக்கி, கேட்கிற காதை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “அம்மா! அம்மா!” என்று கையைப் பிடித்து இழுத்தான். கை வரவில்லை. வாழ்நாள் முழுவதும் குடம் சுமந்த கை.

ஷிபின் அவனை நோக்கி ஓர் அடி வைத்தான். ரெஜிலா ஏற்கனவே போனில் இன்ஸ்பெக்டர் ஜெயசிங்கைக் கூப்பிட்டிருந்தாள். “சார், மோட்டார் ரூமை உடைக்க ஆளு வேணும். ஆமா, செல்லத்தாய் வீட்டுல. நேரா வாங்க.” ‘மோட்டார் ரூம்’ என்று காதில் விழுந்ததும் அபிலாஷ் எழுந்தான். அம்மாவைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான். ஓடிப்போய் பைக்கை உதைத்தான். ஷிபின் துரத்தினான். வேலி வரைக்கும்தான் முடிந்தது. புழுதிதான் கையில் கிடைத்தது.

திரும்பி வந்தபோது செல்லத்தாய் முழங்காலில் முகம் புதைத்திருந்தாள். ரெஜிலா அவள் இடப்பக்கம் உட்கார்ந்து தோளை அணைத்திருந்தாள்.

“மாமி, எந்திரிங்க. நாகர்கோவில்ல டாக்டரைப் பாப்போம். ஒரு வாரம்கூட ஆகல்ல. ஒருவேளை திரும்பக் கெடைக்கலாம்.”

“இனி இந்தக் காது கெடைச்சு நான் எதைக் கேக்கதுக்கு மோளே?” முகத்தைத் தூக்காமலே செல்லத்தாய் சொன்னாள். “மொதல்ல ஸ்டேஷன். பிறகு அந்த அஞ்சலிப் பிள்ளை. நாளைக்கு ஜட்ஜ் அய்யாட்டயும் வாறேன். எனக்குக் கேட்டது தப்புன்னு நானே சொல்லுதேன். எனக்க வாயால போனவன் எனக்க வாயாலதான் வரணும்.”

தூரத்தில், பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில், பைக்கின் உறுமல் ஒரு தடவை உயர்ந்து கேட்டது. செல்லத்தாய் முகத்தைத் தூக்கினாள். அந்தச் சத்தத்தை அவள் தினமும் சாயங்காலம் காத்திருந்து கேட்டவள்.

“மக்கா” என்றாள் ஷிபினிடம், கண்ணைத் திறக்காமல். “எனக்க பிள்ளை எந்தப் பக்கம் போறான்?”

எதற்கும் ஒரு தமாசு வைத்திருக்கிற ஷிபின் அவள் இடது காதுப் பக்கமாகக் குனிந்தான்.

“கெழக்க, மாமி.”

அவள் தலையாட்டினாள். ஆனால் அவன் சொல்வதற்கு முன்பே அவள் முகம் திரும்பிவிட்டிருந்தது, மேற்கே, பூட்டிக் கிடந்த ஷாஜனின் வீட்டை நோக்கி.